ரெண்டு விரல்ல டைப் பண்ற பசங்க – மண்டபம் டீச்சருக்கு

டீச்சர், உங்க சாயங்கால டியூஷன் பசங்க எட்டாவது வந்தும் ரெண்டு விரல்லயே தட்டுறாங்க, நெட் வேற அடிக்கடி போகுதுன்னு போட்டிருந்தீங்க. நானும் இந்தக் கடலோரம்தான், கீழக்கரை, கச்சான் காத்து அடிச்சா நெட்டும் போகும் கரண்டும் போகும், தெரியாததா.

முதல்ல டக்ஸ் டைப்பிங், கிளவாரோன்னு டைப்பிங் பழகுற சாப்ட்வேர் ரெண்டையும் கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ணி வச்சிருங்க, இலவசம், அப்புறம் நெட்டே வேணாம். டக்ஸ்ல மேலேருந்து மீன் மீனா எழுத்து விழும், பென்குயின் தின்னும், நம்ம பசங்களுக்கு மீன்னா சொல்லவா வேணும், சின்னதுங்க விடாது. நெட் இருக்கும்போது பெரிய பசங்களுக்கு கீபிஆர் (keybr) சைட்டைக் குடுங்க, அது கொஞ்சம் எழுத்துல ஆரம்பிச்சு அது கைக்கு வந்தப்புறம்தான் அடுத்ததை விடும். மங்கிடைப் (Monkeytype) சைட் இப்ப வேணாம், அது வேகம் பார்க்கத்தான், பழகுறதுக்கு இல்ல.

ஆனா எந்த சைட்டா இருந்தாலும் கீபோர்டை குனிஞ்சு பார்த்தா வீண். எஃப், ஜே ரெண்டுலயும் சின்ன மேடு இருக்கும்ல, ஆள்காட்டி விரல் அங்க உக்காரணும், கை மேல ஒரு துண்டைப் போட்டு மூடிருங்க. வேகத்தைக் கேக்காதீங்க, தப்பு எத்தனைன்னு மட்டும் கேளுங்க. தினம் பதினஞ்சு நிமிஷம் போதும், ஞாயித்துக்கிழமை மொத்தமா ரெண்டு மணி நேரம் உக்கார வைக்கிறது வேலைக்காகாது.

தமிழுக்கு தமிழ்99ங்கிற கீபோர்டு முறையைப் பழக்குங்க, 1999ல அரசே அறிவிச்சது, உயிரெழுத்து இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை. 'அம்மா'வுக்கு அ ம ம ஆ அடிச்சா போதும், புள்ளி தானா விழும்.