டீச்சரம்மா பதில்கள்: கோகிலாம்பாள் என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: டீச்சரம்மா, எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. வில்லியனூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டதால் 'கோகிலாம்பாள்' என்றுதான் வைக்க வேண்டும் என்கிறார் மாமியார். அவருடைய அம்மா பெயரும் அதுவே. 'கோகிலாஸ்ரீ என்று மாற்றி வைக்கலாம்' என்கிறார் கணவர். பாரிஸில் இருக்கும் நாத்தனாரோ, 'ரொம்பப் பழைய பெயர், இங்கே யார் வாயிலும் நுழையாது' என்கிறார். எனக்குப் பெயர் பிடித்திருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தாராளமாக வையுங்கள் அம்மா. பெற்றவளுக்கே பிடித்திருக்கிறது, அப்புறம் என்ன?

பழைய பெயர்தான், சரி. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் அஞ்சலாட்சி, செங்கேணி, அமிர்தவல்லி, கோகிலாம்பாள் என்றுதான் வரிசையாக இருக்கும். பெயரைக் கேட்டாலே பிள்ளையின் பூர்வீகத்தை ஓரளவு ஊகித்துவிடலாம். அம்புஜவல்லி என்றால் ஸ்ரீமுஷ்ணம் பக்கம், செங்கமலம் என்றால் திருவந்திபுரம், பெரியநாயகி என்றால் திருப்பாப்புலியூர், கோகிலாம்பாள் என்றால் வில்லியனூர். அந்தந்த ஊர்க் கோயில் தாயாரின் பெயர், அம்மனின் பெயர். நான் ஓய்வு பெறும் சமயத்தில் ஒரே வகுப்பில் பல ஹரிணிகள். இனிஷியல் சொல்லித்தான் கூப்பிட வேண்டியிருந்தது. வில்லியனூர்த் தேருக்குப் பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர் வரைக்கும் தொடர்கிறது. அந்தத் தேரில் வருகிறவளின் பெயர் நம் பெண்களிடம் மட்டும் ஏன் நின்றுபோக வேண்டும்? எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

'ஸ்ரீ' வேண்டாம். அம்பாளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்ரீயைக் கொண்டுவந்து வைப்பதில் என்ன லாபம்? பள்ளிக்கூடத்துக் கேலியை நினைத்தும் பயப்படாதீர்கள். என் வகுப்பில் ஒரு அஞ்சலாட்சி இருந்தாள். முதல் நாளே எழுந்து நின்று, கடைசி பெஞ்சு வரை கேட்கிற மாதிரி தன் பெயரைச் சொன்னாள். அது தன் பாட்டியின் பெயர் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அந்த வருடம் முழுக்க அவளை ஒருவரும் சீண்டவில்லை. உங்கள் பெண்ணுக்கும் அந்தப் பெயரின் கதையைச் சின்னதிலிருந்தே சொல்லி வளருங்கள்.

உச்சரிப்பு விஷயத்தில் நாத்தனார் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நம் ஊரிலேயே இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துப் படிக்கிற பிள்ளைகள் 'கோக்கிலா' என்று அழுத்திவிடுகிறார்கள். கே போட்டு எழுதுவதால் வருகிற வினை. 'முகில்' என்று சொல்லும்போது 'கி' எப்படி மெல்ல வருகிறதோ, இதிலும் அப்படித்தான் வர வேண்டும். சரி, ஜி போடலாம் என்றால், பிரெஞ்சில் ஜிக்குப் பின்னால் ஐ வந்தால் அது 'ஜ' பக்கம் போய்விடும். அதனால் ஜிக்கும் ஐக்கும் நடுவே ஒரு ஹெச் சேருங்கள் (ghi). அப்படிச் செய்தால் இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் 'கி' என்றே படிப்பார்கள். 'ஸ்பகெட்டி' எழுதும்போதும் இதே முறைதான். நம் ஊர்ப் பழைய பிரெஞ்சுப் பதிவுகளில் முருகன் போன்ற பெயர்களின் கடைசியில் ஓர் ஈ (e) எழுத்து ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த 'ன்' மூக்குக்குள் மறையாமல் தெளிவாகக் கேட்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. 'லாம்பாள்' என்பதைப் பிரெஞ்சுக்காரர் மூக்கால்தான் சொல்வார். 'ள்' அவருக்கு 'ல்' ஆகிவிடும். இந்த இரண்டும் எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. நம்மவர்களே 'கோகிலாம்பா' என்று 'ள்'ளை விழுங்கித்தானே கூப்பிடுகிறோம். கோவும் லாவும் நெடிலாக இருந்தால் போதும், குறிலாக்கிச் சொன்னால் மட்டும் திருத்துங்கள்.

வீட்டில் கூப்பிட 'கோகிலம்' என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கத்து வீடுகளில் அப்படிக் கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். 'கோகி' என்று நறுக்காதீர்கள் என்பது என் ஆசை. காகிதத்தில் மட்டும் முழுப்பெயர் இருக்கட்டும்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்திருப்பீர்கள். பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டி, 15 வருடம் வரை சேர்க்கலாம். ஆனாலும் தள்ளிப்போட வேண்டாம். சான்றிதழில் இருக்கிற எழுத்துதான் ஆதாருக்கும் பள்ளிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போகும், பிறகு ஓர் எழுத்தை மாற்றுவதும் பெரிய அலைச்சல். நீங்கள் எழுதப்போகிற எழுத்துக்களை நாத்தனாருக்கு அனுப்பி, தமிழ் தெரியாத யாரையாவது படிக்கச் சொல்லி போனில் கேளுங்கள். காதுக்குச் சரியாக இருந்தால் அந்த எழுத்துக்களோடு நகராட்சி அலுவலகத்துக்குப் போங்கள்.