பெட்டி கட்ட நகையை மாற்றி வைக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு கவுன்சலிங்கில் கோவையில் ஒரு தனியார் இன்ஜினீயரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் ஹாஸ்டலில் சேர்க்க வேண்டும். நாங்கள் திண்டுக்கல். கணவருக்கு லாரி புக்கிங் ஆபீஸில் 31,000 ரூபாய் சம்பளம். நான் வீட்டில் தையல் தைத்து 11,000 வரை சம்பாதிக்கிறேன். முதல் வருஷ ஃபீஸ், ஹாஸ்டல் பணம் இரண்டையும் சீட்டுப் பணத்தில் கட்டிவிட்டோம். மாதம் 5,000 கட்டி வந்த அந்தச் சீட்டும் போன மாதத்தோடு முடிந்தது. கையில் 23,000 இருக்கிறது.

என் நாத்தனார் மகன் இரண்டு வருஷம் முன்பு சென்னைக்குப் படிக்கப் போனான். அதை வைத்து நாத்தனார் ஒரு லிஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். லேப்டாப் 82,000, புது போன் 24,000, துணிமணி 16,000, டிராலி பெட்டிகள் 8,500, மெத்தை, கெட்டில், டேபிள் லைட் எல்லாம் சேர்த்து 7,500, கொண்டுபோய் விட வேனும் வழியில் சாப்பாடும் 12,000. மொத்தம் ஒன்றரை லட்சம். 'நம்ம வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு போய் நிக்கக் கூடாது' என்கிறார்.

2022-ல் என் 6 பவுன் நகையை பேங்கில் வைத்து 1,50,000 வாங்கினோம். வருஷா வருஷம் வட்டியைக் கட்டி மாற்றி வைக்கிறோம். 2024-ல் வண்டி வாங்க 70,000 கூட எடுத்தோம். 2025-ல் நாத்தனார் மகள் கல்யாணத்தில் தாய்மாமன் சீருக்காக இன்னும் 80,000. இப்போது 3,00,000 நிற்கிறது, வட்டி 9%. தங்கம் விலை ஏறியிருப்பதால் இந்த முறை மாற்றி வைத்தால் மேற்கொண்டு ஒன்றரை லட்சம் தருவார்களாம். எஜுகேஷன் லோன் என்றால் கணவருக்கு ஆகாது. 'கடன் வாங்கிப் படிக்க வைக்கிற நிலைமை நமக்கு வரல' என்கிறார். என் தம்பியோ இன்னும் 30,000 சேர்த்து எடுத்து மகள் பேரில் மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் எஸ்ஐபி போடச் சொல்கிறான். லிஸ்ட்டில் எது தேவை, எதை இஎம்ஐயில் வாங்கலாம்? மகள் ஆறாவதிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் மீடியம். ப்ளஸ் டூ டியூஷனுக்கு மாதம் 2,000 கட்டி வந்தோம்.

— வாசகி, திண்டுக்கல்

பதில்: லிஸ்ட்டுக்கு வருகிறேன். அதற்கு முன் உங்கள் கணவரிடம் ஒன்று கேளுங்கள். பேங்கில் நிற்கும் அந்த 3,00,000 என்ன?

அதை அவர் கடனாக நினைக்கவே இல்லை. 'நம்ம நகை, நாம வெச்சிருக்கோம்' என்ற கணக்கு. நம் ஊரில் பாதிக் குடும்பங்களில் இதே நினைப்புதான். எஜுகேஷன் லோன் என்றால் மானப் பிரச்சினை, நகைக்கடன் என்றால் பீரோவைத் திறந்து பணம் எடுத்த மாதிரி. உங்கள் வீட்டுச் சிக்கல் மொத்தமும் இங்கேதான் இருக்கிறது. லிஸ்ட் அதன் இந்த வருஷத்து வடிவம், அவ்வளவுதான்.

தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு வருஷம் வருஷத்துக்கு 13,500 வட்டி. மூன்றாவது வருஷம் 2,20,000-க்கு 19,800. நாலாவது வருஷம் 3,00,000-க்கு 27,000. ஆக இப்போது கட்டப்போவதையும் சேர்த்து நாலு வருஷத்தில் 73,800 ரூபாய் வட்டிக்கு மட்டும் போகிறது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, இரண்டு மடங்காகியிருக்கிறது. அதே 6 பவுன், அதே லாக்கர். இப்போது இன்னும் ஒன்றரை லட்சம் எடுத்தால் வருஷ வட்டி 40,500, அதாவது மாதம் 3,375. மகளுக்குக் கைச்செலவுக்கு அனுப்பப்போவதைவிட அது அதிகமாக இருக்கும்.

இந்த வகைக் கடனுக்கு 12 மாதம்தான் கெடு. கெடு வைத்ததே ஒரு நாள் நகையைத் திருப்ப வேண்டும் என்பதற்காக. ஆனால் கவுண்டரில் என்ன நடக்கிறது? 'விலை ஏறியிருக்குங்க, கூட எவ்வளவு போடட்டும்?' என்று அவர்களே கேட்கிறார்கள். தங்கம் விலை ஏறினால் லாபம் நகை வைத்திருப்பவருக்கு. உங்கள் விஷயத்தில் அந்த லாபத்தை ஒவ்வொரு வருஷமும் கடனாக மாற்றி, ஒரு வண்டியாகவும் ஒரு சீராகவும் செலவழித்துவிட்டீர்கள். விலை என்றைக்கும் ஏறிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2013 ஏப்ரலில் தங்கம் சில நாட்களுக்குள் சறுக்கியது. உச்ச விலையில் விளிம்பு வரை கடன் வாங்கியிருந்தவர்களுக்கு அப்போது வயிற்றைக் கலக்கியது.

எனவே இந்த முறை மேற்கொண்டு ஒரு ரூபாயும் எடுக்காதீர்கள். லிஸ்ட்டை 23,000-க்குள் சுருக்க முடியுமா என்று பார்ப்போம். முடியும்.

முதலில் மெத்தை. திண்டுக்கல்லில் மெத்தை வாங்குவதால்தான் வேன் தேவைப்படுகிறது. வேன் பிடித்தால் காலி சீட் விட மனம் வராது, சொந்தபந்தம் பத்துப் பேர் ஏறுவார்கள், பத்துப் பேருக்கும் ஒட்டன்சத்திரத்தில் டிபன், வரும்போது பழனியில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுச் சாப்பாடு. மெத்தை, தலையணை, பக்கெட், மக், கொடிக்கயிறு எல்லாம் கல்லூரி வாசல் பக்கத்துக் கடைகளிலேயே கிடைக்கும். 4,500-க்குள் முடியும். கட்டில் அளவு தெரிந்து வாங்குவதும் அங்கேதான் சுலபம். மெத்தை போனால் வேனும் போகிறது. நீங்கள் மூன்று பேரும் பழனி வழி அரசு பஸ்ஸில் போய் வாருங்கள். சாப்பாடு, ஆட்டோ சேர்த்தாலும் 2,000 தாண்டாது.

துணிக்கு 16,000 என்பதைப் பார்த்து எனக்கே கொஞ்சம் கோபம் வந்தது. நீங்கள் தையல்காரர்! நாலு செட் சுடிதாருக்குத் துணி மட்டும் எடுங்கள், நீங்களே தைத்துக் கொடுங்கள். உள்ளாடை, செருப்பு, துண்டு, போர்வை எல்லாம் சேர்த்து 6,000. முதல் மாதம் மற்ற பெண்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று பார்த்த பிறகு அவளே கேட்பாள், தீபாவளிக்கு எடுத்துக் கொடுக்கலாம். பெட்டி ஒன்று போதும், 2,500. நல்ல பூட்டு ஒன்று சேர்த்து வாங்குங்கள். இருக்கிற போனுக்கு பேட்டரி மாற்ற 1,500 ஆகலாம், அவ்வளவுதான். கெட்டில் வேண்டவே வேண்டாம். பெரும்பாலான ஹாஸ்டல்களில் அதற்குத் தடை, வார்டன் எடுத்து வைத்துக்கொள்வார். பதிலாக இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொடுத்து அனுப்புங்கள்.

இதுவரை 16,500. மாத்திரை மருந்து, ஜெராக்ஸ், போட்டோ, சில்லறைச் சாமான் 2,000. மீதி 4,500-ஐ அவள் பேரில் உள்ள பேங்க் கணக்கில் போட்டுவிடுங்கள்.

நாத்தனார் லிஸ்ட்டில் இல்லாத ஒன்று, நான் முதலில் எழுதியிருக்க வேண்டியது: ஃபைல். டி.சி., பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், அலாட்மென்ட் ஆர்டர், ஆதார், எல்லாவற்றிலும் மூன்று செட் ஜெராக்ஸ், ஒரு டஜன் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஒரு செட் கல்லூரிக்கு, ஒரு செட் அவளிடம், ஒரு செட் பேங்குக்கு. சரிபார்த்த பிறகு அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே சொல்லிவிட்டது. ஆபீஸில் கேட்டு வாங்கி வாருங்கள்.

அதே ஆபீஸில் புதுமைப்பெண் திட்டத்துக்கு விண்ணப்பிக்கவும் கேளுங்கள். இது முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது. 2024-ல் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கினார்கள். மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். நீங்கள் டியூஷனுக்குக் கட்டிய 2,000-ல் 1,500-ஐ அனுப்பினால் கைச்செலவுக்கு 2,500 ஆகிவிடும். ஹாஸ்டலில் சாப்பாடு இருக்கும்போது இது தாராளம்.

இப்போது லேப்டாப். முதல் செமஸ்டரில் கணக்கு, இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், கூடவே அடிப்படை புரோகிராமிங். லேப் இருக்கிறது. போன கையோடு 82,000 ரூபாய் கேமிங் லேப்டாப் தேவையில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவளுக்கு லேப்டாப் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஓரிரு மாதம் கழித்து, சீனியர்களிடம் கேட்டு, 50,000 ரூபாயைச் சுற்றி வாங்கட்டும். அதற்குள் அரசின் இலவச லேப்டாப் தன் கல்லூரிக்கு எப்போது, எந்த வருஷத்து மாணவர்களுக்கு என்றும் விசாரித்துவிடலாம்.

இஎம்ஐ பற்றிக் கேட்டீர்கள். 'நோ காஸ்ட்' என்று போர்டு வைத்திருப்பார்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. வட்டியைத் தள்ளுபடி என்று காட்டுகிறார்கள். கிரெடிட் கார்டு இஎம்ஐ என்றால் அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உங்கள் தலையில். 82,000-க்கு 12 மாதம் என்றால் வட்டி சுமார் 6,000, அதற்கு வரி 1,100. பிராசஸிங் கட்டணம் சில நூறு. ரொக்கமாகக் கொடுத்தால் கடைக்காரர் குறைத்திருப்பாரே, அந்த மூவாயிரமோ நாலாயிரமோ போச்சு. காஸ்ட் இல்லாத இஎம்ஐக்கு 5,000 ரூபாய் காஸ்ட்.

லேப்டாப்பை எஜுகேஷன் லோனிலேயே சேர்க்கலாம். படிப்புக்குத் தேவையான கம்ப்யூட்டர், புத்தகம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அந்த லோனுக்குள் வரும். அடுத்த மூன்று வருஷத்துக்கு ஃபீஸும் ஹாஸ்டலும் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் என்று வைத்தால் நாலரை லட்சம், லேப்டாப் 50,000, ஆக 5 லட்சம். ஏழரை லட்சம் வரை பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கிடையாது. பல பேங்குகளில் பெண் பிள்ளைகளுக்கு வட்டியில் அரை சதவிகிதம் குறைவு. மத்திய அரசின் பிஎம் வித்யாலட்சுமி கல்விக்கடன் திட்டப் பட்டியலில் அந்தக் கல்லூரி இருந்தால், 8 லட்சத்துக்குள் வருமானம் உள்ள உங்களைப் போன்றவர்களுக்கு வேறு சலுகை வாங்காதபட்சத்தில் 3% வட்டி மானியமும் உண்டு. இணையத்தில் பார்த்துவிடுங்கள்.

இதையும் மறைக்காமல் சொல்கிறேன்: வட்டி விகிதத்தில் எஜுகேஷன் லோன் உங்கள் நகைக்கடனைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கலாம். 10% என்று வைத்தால், தவணை தொடங்கும்போது வட்டி சேர்ந்து ஆறரை லட்சம் ஆகியிருக்கும். பத்து வருஷத்துக்கு மாதம் சுமார் 8,700. சின்னத் தொகை இல்லை. ஆனால் அதற்கு முடிவுத் தேதி இருக்கிறது. தவணை கட்டக் கட்ட அசல் குறையும். நடுவில் சீருக்காக அதில் மேற்கொண்டு எடுக்க முடியாது. அந்த ஒரு குணத்துக்காகவே உங்கள் வீட்டுக்கு அது நல்ல கடன். 'பொண்ணு தலையில கடனைக் கட்டினா நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்வாங்க' என்று கணவர் கேட்பார். வேலைக்குப் போகிற பெண் தன் சம்பளத்தில் தன் படிப்புக் கடனைக் கட்டுவதைக் குறை சொல்கிற வீடு என்றால், அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லதுதான்.

தம்பியின் எஸ்ஐபி யோசனையைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. 9% வட்டி நிச்சயம், பங்குச் சந்தையில் 15% வரும் என்பது அவர் ஆசை. நகையை அடகு வைத்து முதலீடு செய்யச் சொல்பவர் தன் நகையை வைத்து முதலில் செய்து காட்டட்டும்.

நாத்தனாரிடம் சண்டை வேண்டாம். போன வருஷம் அவர் வீட்டுக்கு 80,000 சீர் செய்திருக்கிறீர்கள். 'அண்ணி, நீங்க ஆசைப்பட்டீங்கன்னா ஒரு பெட்டி உங்க கணக்குல எடுத்துக் கொடுங்க' என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள். வாங்கித் தந்தால் 2,500 மிச்சம், தராவிட்டால் லிஸ்ட் பேச்சு அதோடு நிற்கும்.

கடைசியாக, பேங்குக்குப் போகும் நாள். கணவரையும் அழைத்துப் போங்கள். வட்டி 27,000-த்தைக் கட்டுங்கள், அது எப்படியும் நீங்கள் வருஷா வருஷம் கட்டுவதுதான். 3,00,000-ஐ ஒரே கடனாக மாற்றி வைக்காமல் இரண்டிரண்டு பவுனாக மூன்று கணக்காகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள், ஒவ்வொன்றும் ஒரு லட்சம். இடையில் பணம் கட்டினால் ஏற்றுக்கொள்வார்களா, கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டுக்குக் கட்டி வந்த 5,000, வட்டிக்காக ஒதுக்கும் மாதக் கணக்கு 2,250, இரண்டும் சேர்த்து 7,250-ஐ மாதாமாதம் கட்டுங்கள். புதிதாக ஒரு ரூபாய் தேவையில்லை. முதல் இரண்டு பவுன் இருபது மாதத்துக்குள் வீட்டுக்கு வரும். வட்டி குறையக் குறைய அடுத்தவை இன்னும் சீக்கிரம் வரும். மொத்தமாக ஐம்பது மாதம், மகள் படிப்பை முடித்து வரும்போது ஏறக்குறைய முடிந்திருக்கும். 'கூட எவ்வளவு போடட்டும்?' என்று கவுண்டரில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது உங்கள் கணவர். நகை உங்களுடையது என்றாலும் எல்லா முறையும் தலையாட்டியது அவராகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.