கிடைக்காததே சாட்சி

அன்புள்ள ஆசிரியருக்கு,

இராக் போர் எண்ணெய்க்காக நடந்தது என்பது உலகறிந்த விஷயம். அமெரிக்கா தன் படைபலத்தால் எதிரி ஆட்சிகளை மாற்றியமைக்க வேண்டும் என்கிற நவபழமைவாதச் சித்தாந்தத்தை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறீர்கள்? நாலு யூத அறிவுஜீவிகளின் குழுதானே அது? இராக்கோடு அவர்கள் கதையும் முடிந்துவிட்டதே?

கே.

அன்புள்ள கே.,

'நாலு யூதர்கள்' என்ற பேச்சை இனி எனக்கு எழுதாதீர்கள். அந்த வட்டத்தைச் சேர்ந்த, ரீகனின் ஐ.நா. தூதர் ஜீன் கிர்க்பாட்ரிக் யூதர் அல்ல. அவர்களில் பலரை வளர்த்துவிட்ட செனட்டர் ஹென்றி ஜாக்சனும் அல்ல. தேடித்தேடி வாசிக்கிறவர் நீங்கள். உங்களிடமிருந்து இது வந்ததால்தான் இத்தனை கோபம்.

எண்ணெய்? 1991இல் குவைத்தை மீட்ட அமெரிக்கப் படை பாக்தாத் போகாமல் திரும்பியது. எண்ணெய் அன்றும் அங்கேதான் இருந்தது.

சில நாட்களாக என்னைக் குடைந்துகொண்டிருப்பது வேறொன்று. 1976இல் சோவியத் பலத்தைப் பற்றிய சிஐஏவின் கணிப்பு மிக மென்மையானது என்று புகார் எழுந்தது. மறுபரிசீலனைக்கு வெளியாட்கள் குழு ஒன்றை அமைத்தார்கள். பெயர் 'டீம் பி'. தலைவர் வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் பைப்ஸ். உறுப்பினர்களில் ஒருவர், பின்னாளில் நவபழமைவாதிகளின் முக்கிய முகமான பால் வோல்ஃபோவிட்ஸ். ஒலியை நம்பாமல் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கும் கருவி சோவியத்திடம் இருப்பதற்குத் தடயமே இல்லை. குழு என்ன எழுதியது தெரியுமா? தடயம் இல்லாததே புதிராக இருக்கிறது, ஒருவேளை ஏற்கெனவே நிறுவிவிட்டார்களோ என்று! திரும்ப வாசியுங்கள். ஆயுதம் கிடைத்தால் எதிரி ஆபத்தானவன். கிடைக்காவிட்டால் ஒளித்து வைத்திருக்கும் இன்னும் பெரிய ஆபத்தானவன். இப்படிச் சிந்திப்பவரிடம் எந்த உளவுத் தகவலைக் கொடுத்தாலும் விடை ஒன்றுதான்.

2003 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் காலின் பவல், இராக்கிடம் ஆந்த்ராக்ஸ் கிருமி இருப்பதாகச் சொல்லி ஐ.நா.வில் சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையிலான ஐ.நா. ஆயுத ஆய்வாளர்கள் அப்போது இராக்கில் தேடிக்கொண்டிருந்தார்கள். பேரழிவு ஆயுதக் குவியல் எதுவும் அகப்படவில்லை. சதாம் ஏமாற்றுகிறார் என்பதற்கு அதையே சாட்சியாக்கினார்கள். அதே வோல்ஃபோவிட்ஸ் அப்போது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் துணைச் செயலாளர். போருக்குப் பிறகு அமெரிக்கா தானே அனுப்பிய குழுவும் 2004இல் குவியல் இல்லை என்றே சொன்னது. அதற்குள் எத்தனை இராக்கியர்கள் செத்திருந்தார்கள், கே.! சித்தாந்தத்தை வெறும் பூச்சு என்று நீங்கள் தள்ளும்போது எனக்கு வலிப்பது அதனால்தான். எதைச் சாட்சியாக எடுப்பது என்பதையே அது தீர்மானித்துவிடுகிறது.

கதை முடிந்ததா என்றீர்கள். சதாமை அகற்றச் சொல்லி 1998இல் கிளின்டனுக்குப் போன கடிதத்தில் கையெழுத்திட்ட ஜான் போல்டன், 2018இல் டிரம்பின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகரானார். தன்னை நவபழமைவாதி என்று அவர் ஒப்புக்கொள்வதில்லை. அது தனி விவாதம்.

டீம் பி அறிக்கை இப்போது ரகசியமல்ல. வாசித்துவிட்டு எழுதுங்கள், சண்டை போடுவோம்.