கேளுங்கள், மரவேலை: கிதார் நெக்கில் வெள்ளைத் திட்டு

கேள்வி: வீட்டிலேயே ஓர் எலெக்ட்ரிக் கிதார் செய்துகொண்டிருக்கிறேன், ஐயா. நெக் (கிதாரின் நீளக் கழுத்து) தேக்கு, அதன்மேல் ஒட்டிய ஃபிரெட்போர்டு (விரல் அழுத்தும் பலகை) ஈட்டி மரம். வால்நட் நிறம் வேண்டும் என்று ஸ்டெயின் எனும் மரச்சாயம் வாங்கித் தடவினேன். ஃபிரெட்போர்டை ஒட்டிய ஓரமெல்லாம் வெள்ளைத் திட்டு. தலைப்பக்க நுனி மட்டும் கன்னங்கரேல். இன்னொரு கோட் அடித்தால் சரியாகுமா? அப்பாவோ, ‘சாயமெல்லாம் எதற்கு, தேங்காய் எண்ணெய் தடவு, போதும்’ என்கிறார்.
- திருச்சி வாசகர்

பதில்: இன்னொரு கோட் வேண்டாம், தம்பி. மற்ற இடம் இன்னும் கறுக்கும், திட்டு எடுப்பாகத் தெரியும். ஒட்டும்போது பிதுங்கிய ஃபெவிகாலை ஈரத்துணியால் துடைத்திருப்பீர்கள். கண்ணுக்குப் போனதுபோல் இருந்தாலும் கரைந்த பசை மரத்துக்குள் இறங்கிப் படலமாகிவிடும். அதன்மேல் சாயம் ஏறாது.

அந்த ஓரத்தைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். எங்கள் பட்டறையில் இதற்குக் கண்ணாடிச் சில்லுதான். விளிம்பைச் சாய்த்துப் பிடித்து இழுத்தால் சுருள் சுருளாக வரும். கைக்குத் தடித்த துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். பிறகு 120, 180, 220 நம்பர் உப்புத்தாளால், ரேகை ஓடும் திசையில் மட்டும். குறுக்கே தேய்த்த கீறல் சாயம் பட்டதும் கோடு கோடாகத் தெரியும். கடைசியாக நெக்கைத் தின்னரால் ஒருமுறை துடையுங்கள். ஈரத்தில் மரம் கறுத்து, பசை இருக்கும் இடம் மட்டும் வெளுத்துக் காட்டிக்கொடுக்கும். தேக்கில் இயல்பாகவே இருக்கும் எண்ணெயும் மேற்பரப்பிலிருந்து போகும். அது இருந்தால் வார்னிஷ் சரியாகக் காயாது.

தலை நுனியில் மரத்தின் துளைகள் வாய் திறந்து நிற்கின்றன. உறிஞ்சுகுழல் மாதிரி சாயத்தை இழுக்கும். அங்கே 320 வரை தேய்த்து, நீர்த்த அரக்குப் பாலிஷ் ஒரு கை (ஒரு பூச்சு) கொடுத்துவிட்டுச் சாயம் தடவுங்கள். முதலில் வெட்டி மிஞ்சிய தேக்குத் துண்டில் செய்து பாருங்கள்.

ஃபிரெட்போர்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டியே ஆக வேண்டும். ஈட்டிமேல் ஸ்பிரிட்டோ தின்னரோ பட்டால் அதன் நிறம் கரைந்து தேக்கில் வழியும். நெக்கை பாடியோடு பசை போட்டுச் சேர்ப்பதாக இருந்தால் அந்த மூட்டிலும் எதுவும் பூசாதீர்கள்; பசை பிடிக்காது.

தேக்கை எதற்கு வால்நட் ஆக்க வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை. சரி, கிதார் உங்களுடையது. ஆனால் சாயம் போட்டால் மேலே லாக்கரோ பி.யு.வோ (பாலியூரித்தேன்) ஒரு படலம் வேண்டும். இல்லாவிட்டால் கட்டைவிரல் ஓடும் இடத்தில் நிறம் தேய்ந்துபோகும். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் என்றால் மழை நாளில் அடிக்காதீர்கள். தின்னர் சட்டென்று ஆவியாகிப் பரப்பு குளிரும். காற்றின் ஈரம் அதில் படிந்து பால்போல வெளுக்கும்.

சாயம் வேண்டாம் என்றால் எண்ணெயே போதும். அப்பா சொன்னதில் பாதி சரி, எண்ணெய்தான் வேறு. தேங்காய் எண்ணெய் காயவே காயாது. பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும். ‘டபுள் பாயில்டு’ லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும். மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் விட்டு, மிச்சத்தை முழுக்கத் துடைத்து, ஒருநாள் காயவிட்டு அடுத்த கை. மூன்று கை போதும், அப்புறம் தேன்மெழுகு. மியூசிக் மேன் கிதார் நிறுவனமே பல மாடல்களின் நெக்கில், துப்பாக்கிக் கட்டைக்குப் பூசும் எண்ணெயும் மெழுகும்தான் தேய்க்கிறது.

ஒரு எச்சரிக்கை. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணிக்குள் சூடு தங்கித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவையுங்கள்.

கேள்வி: பளபளவென்று லாக்கர் அடித்த நெக். வாசிக்கும்போது கை ஒட்டுகிறது. லாக்கரை உரித்துவிடலாமா?
- மதுரை வாசகி

பதில்: உரிக்க வேண்டாம், அம்மா. லாக்கர் நன்றாகக் காய்ந்திருந்தால் பளபளப்புதான் கையைப் பிடிக்கிறது. நான்கு சைபர் (0000, மிக மெல்லிய) இரும்புப் பஞ்சால் பின்பக்கத்தை மட்டும் நீளவாக்கில் லேசாகத் தேயுங்கள். மங்கியதும் கை வழுக்கிக்கொண்டு போகும். தொடங்கும் முன் பிக்கப்புகளை (தந்தியின் அதிர்வை வாங்கும் காந்தப் பகுதிகள்) டேப்பால் மூடுங்கள். பஞ்சின் இரும்புத் தூள் காந்தத்தில் போய் ஒட்டும். அந்த வம்பே வேண்டாம் என்றால் 1000 நம்பர் வாட்டர் பேப்பர் எனும் நுண்ணிய உப்புத்தாள்.