வக்கீலிடம் கேளுங்கள்: "என்கிட்ட இருக்கறது இவ்வளவுதான்"

கேள்வி: எங்கள் விவாகரத்து வழக்கில், இரண்டு தரப்பும் பணம், சொத்து சம்பந்தமான காகிதங்களை ஒருவருக்கொருவர் கொடுக்க வேண்டிய கட்டம் இது. கணவர் தரப்பிலிருந்து 3 வருட பேங்க் ஸ்டேட்மென்ட் என்று பெரிய கட்டு வந்தது. புரட்டினால் நடுநடுவே மாதங்களைக் காணோம். கேட்டால் "என்கிட்ட இருக்கறது இவ்வளவுதான்" என்கிறார். என் வக்கீலோ, எது இல்லை என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்கிறார். எனக்குக் கணக்கு வழக்கே தெரியாது. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: வக்கீல் தன் வேலையை உங்கள் தலையில் கட்டுகிறார் என்று கோபம் வரும். ஆனால் அவர் சொல்வது சரிதான். வீட்டுக்கு எந்தெந்த பேங்கிலிருந்து கவர் வரும், எந்தக் கவரை மட்டும் அவர் தானே வந்து வாங்கிக்கொள்வார் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும், வக்கீலுக்கு எப்படித் தெரியும்?

முதல் நாள் எதையும் படிக்காதீர்கள். படித்தால் எவ்வளவு செலவு செய்திருக்கிறார், யாருக்குச் செய்திருக்கிறார் என்று மனது அங்கேயே போய் நின்றுவிடும். ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். மேலே மாதங்கள், பக்கவாட்டில் கணக்குகள். கையில் இருக்கிற ஸ்டேட்மென்டுக்கு டிக் போட்டுக்கொண்டே வந்தால், காலியாக நிற்கிற கட்டங்கள்தான் உங்கள் பட்டியல். அப்புறம் ஒவ்வொரு ஸ்டேட்மென்டிலும் பக்கங்களை எண்ணுங்கள். "6-ல் 3" இருக்கிறது, "6-ல் 5" இருக்கிறது, நடுவில் 4 இல்லை என்றால் அதைச் சிவப்பில் குறியுங்கள். ஒரு மாதத்து ஸ்டேட்மென்ட் முழுசாகத் தொலைவது யாருக்கும் நடக்கும், நடுப்பக்கம் மட்டும் தானாக எழுந்து போகாது. ஒரு மாதத்தின் இறுதி இருப்பும் அடுத்த மாதத்தின் ஆரம்ப இருப்பும் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இதற்கெல்லாம் கணக்குப் படிப்பு வேண்டாம், பொறுமை போதும்.

இதுவரை செய்தது, தெரிந்த கணக்கில் ஓட்டையைத் தேடுவது. தெரியாத கணக்கைத் தேடுவதுதான் முக்கியமான வேலை, அதற்கும் இதே கட்டுதான் வழிகாட்டும், ஏனென்றால் பணம் ஒரு இடத்திலிருந்து கிளம்பினால் போய்ச் சேர்கிற இடம் என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும். டிரான்ஸ்ஃபர் வரிகளைப் பாருங்கள்: கடைசி நான்கு எண்கள் உங்கள் கட்டத்தில் இல்லாத கணக்குக்கு ஏதாவது போகிறதா? லாக்கர் வாடகை கழிந்திருக்கிறதா, அப்படி லாக்கர் இருப்பதாக அவர் சொன்னாரா? அவர் பட்டியலில் இல்லாத சொத்துக்கு இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டியிருக்கிறாரா? வருமான வரிக் கணக்கில் ஒரு பேங்கிலிருந்து வட்டி வந்ததாகக் காட்டிவிட்டு அந்த பேங்கின் ஸ்டேட்மென்டையே தராமல் இருப்பவர்கள் உண்டு. வரித்துறைக்குப் பயந்து எழுதியது, மனைவியிடம் மறைக்கும்போது ஞாபகத்துக்கு வராது.

எனக்கு ரொம்பப் பிடித்த காகிதம் கடன் விண்ணப்பம். கடன் கேட்கிறபோது எல்லாருமே பணக்காரர்கள். அந்த ஃபாரத்தில் இருக்கிற சொத்து, எதிர்பார்க்கிற வருமானம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதியிருப்பார்கள். விவாகரத்து கோர்ட்டுக்கு வந்ததும் அதே ஆள் ஒன்றுமில்லாதவர் ஆகிவிடுவார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, பட்டியல் தயார். "எல்லாக் காகிதமும் வேண்டும்" என்று கேட்டால் எதுவும் வராது. இந்தக் கணக்கு, இந்த மாதம், 4-ஆம் பக்கம் என்று எழுதிக் கேட்க வேண்டும், வக்கீல் மூலமாக, தேதியோடு. அதற்கும் வரவில்லை என்றால் கோர்ட்டில் மனு. அமெரிக்காவில் இந்தக் கட்டத்துக்கு டிஸ்கவரி என்று பெயர், இங்கிலாந்தில் டிஸ்க்ளோஷர், ஊருக்கு ஊர் விதி மாறும். ஆனால் "என்கிட்ட இல்லை" என்கிற பதில் பல இடங்களில் செல்லாது. தன் கையில் இல்லாவிட்டாலும், பேங்கைக் கேட்டால் தனக்குக் கிடைக்கும் என்கிற காகிதத்தை அவர் வாங்கித்தான் தர வேண்டும். இல்லையென்றால் நேராக பேங்குக்கே சம்மன் அனுப்பக் கேட்கலாம். கூட்டுக் கணக்கு என்றால் அவரைக் கெஞ்சவே வேண்டாம், நீங்களே எழுதிக் கேளுங்கள். தள்ளிப்போடாதீர்கள், பேங்க் எதையும் ஆயுசுக்கும் வைத்திருக்காது.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு கலிபோர்னியாவில் ஒரு வழக்கு. 1996 கடைசியில் லாட்டரியில் தன் பங்காக சுமார் 13 லட்சம் டாலர் ஜெயித்த மனைவி, கணவரிடம் சொல்லாமல் விவாகரத்து கேட்டார். சொத்துப் பட்டியலிலும் அது இல்லை. 1999-ல், "உங்கள் லாட்டரி பணத்தை மொத்தமாக வாங்கிக்கொள்கிறீர்களா" என்று ஒரு கம்பெனி அவருக்கு எழுதிய விளம்பரக் கடிதம் முன்னாள் கணவர் வீட்டுக்குப் போய்விட்டது. முழுப் பணத்தையும் கணவருக்கே கொடுக்கச் சொன்னது கோர்ட், 2001-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. முதலிலேயே சொல்லியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும்!

கேள்வி: கணவரின் ஈமெயில் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளட்டுமா?

பதில்: வேண்டாம். பாஸ்வேர்டு தெரியும் என்பதும் அனுமதி இருக்கிறது என்பதும் வேறு வேறு. இங்கிலாந்தில் 2010-ல் ஒரு பெரிய பணக்காரக் குடும்ப வழக்கில், கணவரோடு ஒரே அலுவலகத்தைப் பகிர்ந்திருந்த மனைவியின் சகோதரர்களில் ஒருவர், சர்வரிலிருந்து கணவருடைய கோப்புகளை நகல் எடுத்துவிட்டார். கணவர் சொத்தை மறைத்துவிடுவார் என்ற பயம்தான் காரணம். அதைக் காரணமாக ஏற்காமல், எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். அந்த ஈமெயில்கள் வேண்டும் என்று வக்கீல் மூலமாகவே கேளுங்கள். எதையும் அழிக்கக் கூடாது என்று இன்றைக்கே ஒரு கடிதமும் போகட்டும்.

கேள்வி: நான் எதிர்ப்பக்கம். பழைய ஸ்டேட்மென்ட்களை வீடு மாறும்போது நிஜமாகவே கிழித்துப் போட்டுவிட்டேன். மறைக்கிறேன் என்கிறார்கள். எப்படி நம்ப வைப்பது?

பதில்: கிழித்தது வழக்குக்கு முன்னாலா பின்னாலா என்பதுதான் முதல் கேள்வி. பின்னால் என்றால் இதை மூடிவிட்டு உங்கள் வக்கீலைப் பாருங்கள். முன்னால் என்றால் நம்ப வைக்கிற முயற்சியை விடுங்கள், பேங்குக்குக் கடிதம் எழுதுங்கள். கொடுத்தால் அப்படியே முழுசாக எதிர்த்தரப்புக்கு அனுப்புங்கள். இல்லை என்று சொன்னால் அந்தப் பதிலையும் சேர்த்து அனுப்புங்கள்.