டீக்குக் கூப்பிட்டால் பசியோடு போங்கள்

வட இங்கிலாந்தின் லீட்ஸில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது, கூட வேலை பார்ப்பவர் வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு வீட்டுக்கு டீக்குக் கூப்பிட்டிருக்கிறார், குடித்துவிட்டு வந்து சமைக்க நேரம் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி, அன்றைக்கு அடுப்பே பற்றவைக்க வேண்டாம். அவர் கூப்பிட்டிருப்பது ராச்சாப்பாட்டுக்கு. யார்க்‌ஷர், லங்காஷர் பக்கம் டீ என்றால் சாயங்காலம் ஐந்து, ஆறு மணிவாக்கில் சாப்பிடும் முழுச் சாப்பாடு. பள்ளி விட்டு வரும் பிள்ளை "டீக்கு என்ன?" என்று கேட்டால், "சாசேஜும் மசித்த உருளைக்கிழங்கும்" என்று பதில் வரும். அப்போ டின்னர்? அது மத்தியானச் சாப்பாடு. பள்ளிக்கூடங்களில் மதியம் பரிமாறும் பெண்களுக்கு டின்னர் லேடி என்றே பெயர். லண்டன்காரருக்கோ டின்னர் ராத்திரிக்கு. ஆபீஸில் யாராவது "டின்னர் டைமில் பேசுவோம்" என்றால் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

குடிக்கிற டீயை இங்கே ப்ரூ என்பார்கள். நம் ஊர் காபிப் பாக்கெட்டின் பெயர் டீயில் போய் ஒட்டிக்கொண்டதே என்று எனக்கு இன்னமும் சிரிப்புதான்.

கிரீம் டீ என்று போர்டு பார்த்தால் டீயில் கிரீம் கலப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். ஸ்கோன் என்கிற சின்ன பன், ஜாம், கெட்டிக் கிரீம், பக்கத்தில் சாதாரண டீ, அவ்வளவுதான். டெவனில் கிரீமை முதலில் தடவுவார்கள், கார்ன்வாலில் ஜாமை. அந்தப் பஞ்சாயத்தில் நாம் தலையிட வேண்டாம். ஹோட்டல்களின் ஆஃப்டர்நூன் டீ வேறு ரகம், விலையைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

சரி, முக்கியமான விஷயம். நீங்கள் சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமையாச்சே, இங்கே பலர் மீன் சாப்பிடும் நாள், மீனும் சிப்ஸும் (தடிமனாக நீளவாக்கில் வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு) வாங்கி வைத்தாலும் வைப்பார்கள். மீனை ஒதுக்கிவிட்டு சிப்ஸை மட்டும் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். யார்க்‌ஷரில் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். கிரேவியிலும் பெரும்பாலும் இறைச்சிச் சாறு இருக்கும், ஜெல்லியில் மிருகங்களின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். முன்கூட்டியே சொன்னால் சீஸ் வைத்துச் சுட்ட ஒரு பை (pie) மாதிரி ஏதாவது செய்து வைப்பார்கள்.

கையில் ஏதாவது இனிப்பு கொண்டுபோங்கள். ஐந்தரை என்றால் ஐந்தரைக்கே போய்விடுங்கள், நம் கல்யாண வீட்டுக் கணக்கில் ஆறரைக்குப் போனால் சாப்பாடு ஆறிப்போயிருக்கும்.