கயாக்குக்கு எந்தத் தூண்டில் ராடு? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை எடுத்துக்கொண்ட கேள்விகள் எல்லாமே கயாக்கில், அதாவது உட்கார்ந்து துடுப்புப் போடும் குறுகலான சிறு படகில், மீன் பிடிக்கும் ராடு பற்றியவை. தூண்டில் நரம்பை (இழையை) சுற்றிவைக்கும் ரீலும், துடுப்பும் இன்னொரு நாள் வரட்டும்.

கேள்வி: கரையில் நின்று 10 அடி ராடில் பல வருடமாக மீன் பிடிக்கிறேன். இப்போது 11 அடி கயாக் ஒன்று வாங்கியிருக்கிறேன். அதே ராடு போதாதா? நீளமாக இருந்தால் தூரமாக வீசலாமே?

நானும் இதே கணக்குப் போட்டுத்தான் 10 அடி ராடோடு கயாக்கில் ஏறினேன். வீசியதெல்லாம் நன்றாகத்தான் போனது. மீன் மாட்டியதும்தான் வம்பு. மீனைப் பக்கத்தில் கொண்டுவந்தாயிற்று, ஆனால் ராடின் நுனி 10 அடி தள்ளி இருக்கிறது, மீன் அந்த நுனிக்குக் கீழே நிற்கிறது. கை எட்டவில்லை. கரையாக இருந்தால் நாலு எட்டு பின்னால் போயிருப்பேன். இங்கே காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன், பின்னால் போக இடம் ஏது? ராடைத் தலைக்கு மேலே தூக்கிப் பின்பக்கம் சாய்த்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். நுனி ஒரு அடி நீளத்துக்கு ஒடிந்து, நரம்பு வழியே வழுக்கிக்கொண்டு போய் மீனின் மூக்கில் உட்கார்ந்தது. மீன் ஒரு கிலோகூட இருக்காது. பதற்றத்தில் நரம்பைக் கையில் சுற்றி இழுத்தேன், விரல் அறுபட்டது. பிரெய்டு நரம்பை, அதாவது மெல்லிய இழைகளைப் பின்னிய நரம்பை, கையில் சுற்றக் கூடாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ராடு ஏன் ஒடிந்தது? சாதாரணக் கோணத்தில் பிடிக்கும்போது ராடின் நடுவும் அடியும் வளைந்து பாரத்தை வாங்கிக்கொள்ளும். ராடை நட்டுக்குத்தலாக்கி அதற்கு மேலும் பின்னால் சாய்த்தால், பாரம் முழுவதும் மெல்லிய நுனிக்குப் போய்விடும். நுனி செய்யப்பட்டது அதற்காக அல்ல. கயாக்கில் ஒடியும் ராடுகள் பெரும்பாலும் மீனைப் படகருகே கொண்டுவரும் இந்தக் கடைசி நிமிடத்தில்தான் ஒடிகின்றன. அதனால் அந்த நிமிடத்தை மனதில் வைத்து ராடு வாங்குங்கள், வீசும் தூரத்தை வைத்து வாங்காதீர்கள். தூரத்துக்குத்தான் துடுப்பு இருக்கிறதே.

அதற்காக 5 அடிக்கு இறங்கிவிடவும் வேண்டாம். மாட்டிய மீன் படகுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போவது சகஜம். அப்போது ராடின் நுனியைக் கயாக்கின் மூக்கைச் சுற்றி அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். நுனி எட்டாவிட்டால் நரம்பு படகின் அடியில் உரசி அறுந்துவிடும். உங்கள் இருக்கையிலிருந்து மூக்கு வரை அளந்துகொள்ளுங்கள். கையை நீட்டி, ராடையும் நீட்டினால் நுனி அதைத் தாராளமாகத் தாண்ட வேண்டும். 11 அடி கயாக்குக்கு 7 அடி ராடு பொருந்தும். பொதுவாக ஆறரையிலிருந்து ஏழரை அடிக்குள் அடங்கிவிடும். ஆழத்தில் செங்குத்தாக ஜிக் (கனமான உலோகப் போலி இரை) இறக்குபவர்கள் மட்டும் இன்னும் கொஞ்சம் குட்டையாக எடுக்கலாம்.

இன்னொன்று இருக்கிறது, இதைப் பலர் பார்ப்பதே இல்லை. ராடு வாங்கும்போது எல்லோரும் நுனியை ஆட்டிப் பார்க்கிறார்கள். நான் ரீல் மாட்டும் இடத்துக்குக் கீழே உள்ள கைப்பிடியைத்தான் முதலில் பார்ப்பேன். கரை ராடுகளில் அது நீளமாக இருக்கும், இரண்டு கையாலும் வீசுவதற்காக. கயாக்கில் அந்த நீளம் லைஃப் ஜாக்கெட்டின் பையில் மாட்டும், இருக்கையின் விளிம்பில் இடிக்கும், ரீல் சுற்றும்போது தொடையில் குத்தும். எனக்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு: ரீலைப் பிடித்த கையின் முழங்கையைத் தாண்டி அது நீளக் கூடாது. கடைக்கு லைஃப் ஜாக்கெட்டை எடுத்துப்போய், போட்டுக்கொண்டு, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து ராடைப் பக்கவாட்டில் வீசிப் பாருங்கள். நாலு பேர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கேள்வி: ராடில் 'மீடியம்', 'மீடியம் ஹெவி', 'ஃபாஸ்ட்' என்றெல்லாம் எழுதியிருக்கிறது. பெரிய மீன் மாட்டினால் தாங்க வேண்டும் என்பதால் 'ஹெவி' எடுப்பதுதானே பாதுகாப்பு?

முதல் இரண்டும் ராடின் பலத்தைச் சொல்கின்றன. 'ஃபாஸ்ட்' என்பது எங்கே வளைகிறது என்பதைச் சொல்கிறது: நுனிப் பக்கம் மட்டும் வளைந்தால் 'ஃபாஸ்ட்', நடுவரை வளைந்தால் 'மாடரேட்'. பலமும் வளைவும் வேறு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு வாங்கிவிட்டு ராடைத் திட்டுபவர்கள் நிறைய.

'ஹெவி' விஷயத்தில் கயாக்காரருக்கு ஒரு சலுகை உண்டு. கரையில் நீங்கள் அசையாத கல். கயாக்கில் மீன் இழுத்தால் படகும் சேர்ந்து நகர்கிறது. மீன் உங்களையும் இழுத்துக்கொண்டு போய்க் களைத்துப்போகும். அதனால் கரையில் தேவைப்பட்டதைவிட ஒரு படி இளைத்த ராடே போதும். பலருக்கு 'மீடியம்' சரியாக இருக்கும். ஆனால் அதே காரணத்தால், மீனின் வாயில் முள்ளைக் குத்த ராடைச் சுண்டும்போதும் படகு கொஞ்சம் முன்னால் போய் அந்த விசையைத் தின்றுவிடும். ஆகவே ஒற்றை முள் இரைக்கு 'ஃபாஸ்ட்' நுனியும் கூரான முள்ளும் வேண்டும். துடுப்புப் போட்டபடி லூரை (போலி இரையை) பின்னால் இழுத்துச் செல்பவர்களுக்கு 'மாடரேட்' நல்லது. மீன் அடித்ததும் ராடு நன்றாக வளைந்து கொடுக்கும், முள் கிழித்துக்கொண்டு வராது.

விறைத்த ராடோடு ரீலின் டிராக்கையும் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்) இறுக்கி வைப்பதுதான் உண்மையான ஆபத்து. மீன் பக்கவாட்டில் பாய்ந்தால் அந்த இழுப்பு முழுவதும் படகைக் கவிழ்க்கப் பார்க்கும். நரம்பின் பலத்தில் கால் பங்குக்கு டிராக்கை வைத்துக்கொள்ளுங்கள். 8 கிலோ நரம்பு என்றால் 2 கிலோ இழுப்பில் ரீல் நரம்பை விட வேண்டும். சுருள்வில் தராசில் கட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ராடையும் முன்பக்கமாகவே நீட்டிப் பிடியுங்கள், கயாக் தானாக மீன் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

கேள்வி: கிராஃபைட்டா, ஃபைபர் கிளாஸா?

கிராஃபைட் லேசானது, மீன் முகர்ந்தால்கூடக் கைக்குத் தெரியும். ஆனால் அடி தாங்காது. கயாக்கில் ராடு துடுப்பில் இடிக்கும், விளிம்பில் உரசும், ஈயக்குண்டு ஆடி வந்து மோதும். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, பிறகொரு நாள் சின்ன மீனுக்கே ஒடியும். ஃபைபர் கிளாஸ் கனம்தான், ஆனால் முரட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொள்ளும். முதல் ராடு என்றால் இரண்டும் கலந்ததை எடுங்கள் என்பேன்.

கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்பதையும் மறக்க வேண்டாம். திறந்த நீர்ப்பரப்பில் உயரமாக நிற்பது உங்கள் ராடுதான். தூரத்தில் இடி கேட்டாலே ராடைப் படுக்கவைத்துவிட்டுக் கரைக்குத் திரும்புங்கள். எந்த ராடாக இருந்தாலும் இதையே செய்யுங்கள்.

கேள்வி: மடக்கு ராடு எடுத்துச்செல்ல வசதியாக இருக்கிறதே. ஒரே துண்டு ராடுதான் வேண்டுமா?

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மடக்கு ராடு கயாக்குக்கு வேண்டாம். உப்பும் மணலும் மூட்டுகளில் புகுந்து இறுகிக்கொள்ளும். இரண்டு துண்டு ராடு தாராளமாகப் போதும், நடுநடுவே மூட்டு தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் திருகிப் பாருங்கள்.

கடல்நீரில் போகிறவர்கள், நரம்பு நுழைந்து செல்லும் வளையங்களை ராடோடு பிணைக்கும் காலைக் கவனியுங்கள், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அவ்வப்போது ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சைச் சுற்றித் தேயுங்கள். பஞ்சு இழை சிக்கினால் வளையத்தில் விரிசல் இருக்கிறது, அது நரம்பை அறுத்துக்கொண்டிருக்கிறது. அப்புறம், ராடைப் படகோடு ஒரு கயிற்றால் கட்டி வையுங்கள். ரீல் மாட்டிய ராடு மிதக்காது.

கேள்வி: என் கணவர் கயாக்கில் மீன் பிடிப்பவர். பிறந்தநாளுக்கு அவருக்குத் தெரியாமல் ஒரு ராடு வாங்க ஆசை. எனக்கு இதில் ஒன்றும் தெரியாது.

மூன்று அளவு எடுத்தால் போதும். ராடின் நீளத்துக்கு, அவர் இல்லாத நேரம் கயாக்கின் இருக்கையிலிருந்து மூக்கு வரை ஒன்று. கைப்பிடிக்கு, அவர் தூங்கும்போது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒன்று. மூன்றாவதுக்கு அவருடைய லூர் பெட்டியைத் திறந்து, சாயம் போன லூர்களை மட்டும் எடுத்துச் சமையலறைத் தராசில் வையுங்கள். பளபளவென்று இருப்பவை ஆசைப்பட்டு வாங்கியவை, சாயம் போனவைதான் பயன்படுத்துபவை. ராடின் அடியில் எத்தனை கிராம் முதல் எத்தனை கிராம் வரை வீசலாம் என்று எழுதியிருக்கும். நீங்கள் எடுத்த எடை அதற்கு நடுவில் வர வேண்டும். ரீலை அவரே பார்த்துக்கொள்வார்.

இரண்டு துண்டு ராடாக வாங்குங்கள். 7 அடி ராடு மூன்றரை அடியாகிவிடும், பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் ஒளித்துவைக்கலாம்.